டோக்கன் நம்பர் 417

"டாங்கியையே பிரிச்சு மாட்டுறவன், இந்த டப்பாவுக்கு மெக்கானிக்கா?" என்று சொல்லி, ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் வாசலில் தன் பழைய ஃபியட்டின் இன்ஜினை ஞாயிறன்று தானே பிரித்து மாட்டினார் ஃபோர்மேன் பால்ராஜ். திங்கள் மாலை கிளப்பியதும் உள்ளே கடகடவென்று சத்தம். பிளாக்கே சிரித்தது.

தெருமுனை மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்து பாகங்களைக் கழுவிக் கொடுத்த வேம்புலியை வரவழைத்து, சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"உள்ள என்னடா போட்ட?"

"கய்விக் குட்த்ததோட சரி சார். மூட்னது நீதானே?"

ஓர் அறை. தோளில் ஸ்பேனரால் ஓர் அடி. வேம்புலியின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"உன் வேலைதான்னா உன் ஷெட்டைக் கொளுத்துவேன். என் தப்புன்னா நீ என்னைத் திருப்பி அடிடா!" என்று எல்லோரும் கேட்கக் கத்தினார்.

வேம்புலி ரத்தத்தைத் துப்பிவிட்டு இன்ஜின் மூடியைக் கழற்றினான். எண்ணெயில் நனைந்து பித்தளை டோக்கன் ஒன்று கிடந்தது. தொழிற்சாலை கேட்டில் தினமும் காட்ட வேண்டியது; திருடு போனதாக அன்று காலை பால்ராஜ் புகார் எழுதிக் கொடுத்தது. 417 என்ற எண் அதில் புடைத்திருந்தது.

"இது இன்னா சார், டாங்கி பார்ட்டா?"

டோக்கன் உள்ளங்கையில் இருக்க, வேம்புலி ஒரே அறை விட்டான். பால்ராஜ் பானெட்டின் மேல் விழுந்தார். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் கேட்டில் காவலாளி அவர் வீங்கிய கன்னத்தில் பதிந்திருந்த தடத்தை உற்றுப் பார்த்தான்.

"நம்பரைத் திருப்பி அச்சடிச்சிட்டாங்களே சார்," என்று சொல்லி உள்ளே விட்டான்.