பசு கதிரையேறிய பாடவேளை

முரசுமோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கும் ஜெகதீஸ்வரி ரீச்சருக்கு வாழ்க்கையில் இனி ஒரேயொரு ஆசைதான் மிச்சமிருந்தது. ஆசிரிய ஆலோசகர் ஆகவேண்டும். ஆசிரிய ஆலோசகர் என்பவர், மற்றவர்கள் படிப்பிப்பதை வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, 'இன்னும் சிறப்பாகச் செய்திருக்கலாம்' என்று எழுதிக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருடம் அதை வாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு, ஒருதரம் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் அதில் என்ன பிழை? கிளிநொச்சி அலுவலகத்தில் ஒரு மேசை கிடைக்கும். மேசைக்கு நேர்மேலே மின்விசிறி ஒன்று சுழல்வதையும் ரீச்சர் போன தடவையே பார்த்து வைத்திருந்தார்.

நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு மாதிரிப் பாடம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கிறகோரி சேர் வந்து, தரம் பத்தில் ஒரு பாடவேளை முழுக்க இருந்து பார்த்துப் புள்ளி போடுவார்.

கிறகோரி சேர் சாதாரண ஆள் இல்லை. 'பிள்ளை பேசவேண்டும், ஆசிரியர் கேட்கவேண்டும்' என்ற தலைப்பில் இரண்டரை மணித்தியாலம் கருத்தரங்கு வைத்து, அந்த இரண்டரை மணித்தியாலமும் வேறு எவரையும் வாய் திறக்க விடாதவர். அந்தக் கருத்தரங்கில்தான் 'சூடான கதிரை' என்ற செயற்பாட்டை அவர் வலயத்துக்கு அருளினார். கதையில் வரும் ஒரு பாத்திரமாக ஒரு பிள்ளை முன்னால் கதிரையில் இருக்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கதிரையில் இருப்பவர் அந்தக் கணத்தில் மனதில் எழுவதைப் பதிலாகச் சொல்லவேண்டும். பிறகு எல்லோரும் இருந்து எழுதவேண்டும்.

'அந்தக் கணத்தில் மனதில் எழுவது' என்ற இடம்தான் ரீச்சருக்கு இடித்தது. இந்தப் பிள்ளைகளின் மனதில் என்ன எழும் என்று யார் கண்டது? ஆகவே எழவேண்டியதைத் தானே எழுதி, மூன்று நாள் முந்தியே கையில் கொடுத்துவிட்டார்.

இதைக் களவு என்று யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது முறை. தமிழ்த் தினப் போட்டிக்கு ஆசிரியர் பேச்சை எழுதுவார். பிள்ளை பாடமாக்கும். தன் பாடசாலைப் பிள்ளைக்குத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் நடுவர், 'மாணவியின் சொந்தக் கற்பனை மெச்சத்தக்கது' என்று புள்ளி போடுவார். ஜெகதீஸ்வரி ரீச்சரின் கற்பனைக்கு இதுவரை பதினொரு பிள்ளைகள் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள்.

பாடம் ஓர் ஏழை விவசாயியின் கதை. மகளின் படிப்புக்காக அவன் தன் பசுவை விற்கிறான். பசு பத்து மைல் நடந்து திரும்பி வந்து வீட்டு வாசல் படலையில் நின்று கண்ணீர் வடிக்கிறது. அவனும் கண்ணீர் வடிக்கிறான். அதற்குப் பிறகு பாடநூலில் பயிற்சி வினாக்கள்.

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். நெஞ்சை நிமிர்த்தி நிற்கத் தெரிந்த லக்ஷனை ரீச்சர் விவசாயி ஆக்கினார். மற்ற இருபத்தேழு பேருக்கும் ஆளுக்கொரு கேள்வி. லக்ஷனுக்கு இருபத்தேழு பதில். மீன் வியாபாரியின் மகன் டினோஜனுக்கு எதுவும் மனதில் நிற்காது என்பதால், ஒரே சொல்லில் 'அழுதீரா?' என்று ஒரு கேள்வியை விசேடமாக ஆக்கிக் கொடுத்தார்.

"ரீச்சர், இதையும் மறந்தால்?" என்றான் டினோஜன்.

"மறந்தால் உன்னை நான் அழ வைப்பன். அப்ப ஞாபகம் வரும்."

அன்று காலை கிறகோரி சேர் வந்தார். மாணவர் மையக் கற்றல் பற்றி மாணவர்களை எழுப்பி நிற்பாட்டி வைத்துப் பதினைந்து நிமிடம் பேசினார். பிறகு பின்வாங்கில் போயிருந்து படிவத்தை விரித்தார். தோளில் சால்வையோடு லக்ஷன் கதிரையில் அமர்ந்து, ஏழ்மையாகத் தெரிவதற்காகக் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். முதல் கேள்விக்குரிய சுதர்சினி எழும்பினாள்.

"ஒரு நிமிசம்," என்றார் கிறகோரி சேர். "விவசாயியை எல்லாரும்தான் இருத்துவினம். நாங்கள் கொஞ்சம் புதுமையா யோசிப்பம். பசுவை இருத்துங்கோ ரீச்சர்."

"பசுவையோ, சேர்?"

"ஓம். பசுவின்ர பார்வையில கதை."

ரீச்சரின் காதுக்குள் அந்த மின்விசிறி ஒருதரம் கிறீச்சிட்டு நின்றது. இருபத்தேழு பதிலில் ஒன்றுகூட மாட்டுக்கு எழுதப்பட்டதில்லை. லக்ஷன் எழும்புவதா விடுவதா என்று தெரியாமல் பாதி எழும்பிய நிலையில் நின்றான்.

"ஆர் பசுவா வாறீங்கள்?"

பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. கடைசி வாங்கிலிருந்து கஜனி எழும்பி வந்து, "அங்கால போ" என்று லக்ஷனைத் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தாள். இடாப்புக் கூப்பிடும் நேரம் தவிர அந்தப் பிள்ளையின் குரலை ரீச்சர் கேட்டதில்லை. தெரிந்ததெல்லாம், கட்டுரைக்குப் பத்துக்கு மூன்று வாங்குபவள், வீட்டில் ஒன்பது மாடு நிற்கிறது, இவ்வளவுதான்.

சுதர்சினி கண்ணை மூடிக்கொண்டு, பாடமாக்கியதைச் சொன்னாள். ஆள் மாறியதற்காகக் கேள்வியை மாற்ற அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"பெருந்தகையே! வறுமைப் பேய் தங்களை வாட்டியபோது தங்கள் உள்ளக் கடலில் எழுந்த அலைகள் எத்தகையன?"

கஜனி கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கென்ன வறுமை? வாய்க்கால் கரையில புல்லுக் கிடந்தது. வறுமை அவருக்கு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யூலியானா எழும்பினாள்.

"தங்கள் செல்வமகளின் கல்வியை எண்ணித் தாங்கள் துயில் மறந்த இரவுகள் எத்தனை?"

"என்ர மகளோ? நாகுகண்டு. அதை வாய்வைக்க விடாமல் அங்கால கட்டிப்போட்டு முழுப் பாலையும் கறந்தவை. அந்தப் பாலிலதான் அவற்ற மகள் படிச்சவா."

இந்த முறை சிரிப்புச் சத்தம் வரவில்லை. இன்னும் நாலைந்து பேர் எழும்பி, பேரன்பே, பெருந்துயரே என்று ரீச்சரின் தமிழைக் கொண்டுபோய்ப் பசுவின் முன்னால் கொட்டினார்கள். பசு அதையெல்லாம் வைக்கோல் மாதிரி அரைத்துத் துப்பியது. டினோஜனின் முறை வந்தது.

"அழுதீரா?"

"மாட்டின்ர கண்ணில எப்பவும் தண்ணி வடியும். ஈ, இலையான் மொய்க்கிறதால. அதை அழுகை எண்டு எழுதின ஆள் மாடு வளர்க்கேல்ல."

பாடநூலை இப்படி ஒருவரும் அந்தக் கட்டடத்துக்குள் வைத்துப் பேசியதில்லை. பதவி பறிபோன விவசாயிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. லக்ஷன் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினான்.

"இவள் சொல்லுறதெல்லாம் பொய் ரீச்சர்! ஏய், பத்து மைல் எப்பிடி வந்தனீ? விதைப்புக் காலம். வழி நெடுக வயல். பிடிச்சுக் கட்டியிருப்பாங்கள்."

"வயலுக்க இறங்கேல்ல. றோட்டால வந்தனான்."

"றோட்டால வந்தால் பஸ் அடிச்சிருக்கும்."

"பஸ்காரன் கோன் அடிச்சவன். நான் நடுறோட்டில நிண்டு பாத்தனான். பிறகு அவன்தான் சுத்திப் போனவன்."

"உனக்குக் குறி சுட்டிருக்கோ?"

"ஓம். இவருக்கு முதல் என்னை வைச்சிருந்த ஆளின்ர குறி."

"மாட்டை விக்கலாமெண்டு விதானையார் தாற துண்டு?"

"அது எனக்குத் தெரியாது. அவர் ஒரு துண்டும் வாங்கேல்ல."

லக்ஷன் வகுப்பைப் பார்த்துத் திரும்பினான். பரம்பரையாக மாட்டுக்காரன். சட்டம் தெரிந்தவன்.

"கேட்டியளோ? பழைய குறியோட, துண்டும் இல்லாமல் மாட்டை வித்திருக்கிறார். வாங்கினவன் பொலிசுக்குப் போனால் இவளின்ர விவசாயி மறியலுக்குள்ள கம்பி எண்ணுவார்!"

"அதுதானே," என்றாள் பசு. "என்னைப் படலையில கண்டவுடன அவர் அழுதவர்."

மேசைகள் அதிர்ந்தன. ரீச்சரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் பின்வாங்கின் நினைவு வந்தது. கிறகோரி சேர் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

மிச்சப் பத்து நிமிடத்தில் எழுதவேண்டும். பசு தன் கதையைத் தானே சொல்வதாக அரைப் பக்கம். வழமையாக இந்த இடத்தில் "ரீச்சர், முதல் வசனம் சொல்லித் தாங்கோ" என்று இருபத்தெட்டுக் குரல் கேட்கும். இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்த தலைகளுக்கிடையே நடந்த ரீச்சர் கஜனியின் கொப்பியில் நின்றார்.

'நான் திரும்பி வந்தது அவருக்காக இல்லை. என்ர கண்டு அங்க நிண்டது.'

'என்ர' பிழை. 'கண்டு' கன்று ஆகவேண்டும். 'நிண்டது' பிழை. சிவப்புப் பேனை தன்பாட்டில் குனிந்தது. ரீச்சர் அந்த இரண்டு வசனத்தையும் இன்னொருதரம் வாசித்தார். பிறகு பேனையின் மூடியை மூடினார். இருபத்திரண்டு வருடத்தில் தான் எழுதிக் கொடுத்த எந்தக் கடலும் எந்த அலையும் தன்னை இப்படி இரண்டாந்தரம் வாசிக்க வைத்ததில்லை என்று அவருக்குப் பட்டது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

மணியடித்தது. அதிபரின் அறையில் கிறகோரி சேருக்குத் தேநீர் வைத்தார்கள்.

"ரீச்சர், உங்கட பிள்ளையளின்ர கேள்வியள் பிரமாதம்!" என்றார் அவர். "சுத்தத் தமிழ். அந்த இடத்திலயே யோசிச்சு, மனசில எழுந்ததைக் கேட்டினம். எவ்வளவு இயல்பு! 'உள்ளக் கடல்' எண்டு ஒரு பிள்ளை சொன்னவா. நான் குறிச்சுக்கூட வைச்சிருக்கிறன், அடுத்த கருத்தரங்குக்கு."

ரீச்சருக்கு மின்விசிறி மறுபடி சுழலத் தொடங்கியது.

"ஆனால் ஒரு குறை சொல்லவேணும். கோவிக்காதேங்கோ. அந்தப் பசுவா வந்த பிள்ளையும், வாதாடின பெடியனும். அது நீங்கள் பழக்கினது. எனக்கு முப்பது வருச அனுபவம். பதினஞ்சு வயசுப் பிள்ளை உடன அப்பிடிப் பதில் சொல்லாது. பாடமாக்கினது அப்பிடியே தெரியுது. அதுக்கு ஒரு அஞ்சு புள்ளி குறைக்கிறன். பரவாயில்லை, மற்ற ரெண்டு விண்ணப்பகாரரையும் விட நீங்கள்தான் மேல. பதவி உங்களுக்கு எண்டே வையுங்கோ."

ஐந்து புள்ளி. பேசாமல் இருந்தால் போதும். ரீச்சர் பேசாமல்தான் இருந்தார். அந்த நேரம் பார்த்து, சேர்த்தெடுத்த கொப்பிகளை அணைத்துக்கொண்டு வாசலில் கஜனி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவளைக் கண்டதும் கிறகோரி சேர் சிரித்தார்.

"வாங்கோ பசு! சொல்லுங்கோ பாப்பம், அந்தப் பதிலெல்லாம் ரீச்சர் சொல்லித் தந்ததுதானே?"

கஜனி ரீச்சரைப் பார்த்தாள். 'பதவி உங்களுக்கு' என்றது அவளுக்கும் கேட்டிருக்கவேண்டும்.

"ஓம் சேர்," என்றாள். "ரீச்சர்தான் சொல்லித் தந்தவா. நான் வடிவாப் பாடமாக்கினனான்."

வருத்தம் ஏதுமில்லாமல் சொன்னாள். இருந்ததே ஒரு பொருள், அதையும் இந்தாங்கோ என்று நீட்டுவது மாதிரி. அந்தப் பதினொரு சான்றிதழ்ப் பிள்ளைகளும் ரீச்சரின் எழுத்தை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டவர்கள். தன் எழுத்தை ரீச்சரின் பெயரில் எழுதித் தந்த முதல் பிள்ளை இவள்தான்.

"பொய் சொல்லாத, கஜனி," என்றார் ரீச்சர்.

பிறகு கிறகோரி சேர் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்கள் மாறி விளங்கிப்போட்டீங்கள். அந்தக் கேள்வியள்தான் நான் எழுதினது. மூண்டு நாளா இருந்து பாடமாக்க வைச்சனான். பசு சொன்னதில ஒரு சொல்லும் என்ர இல்லை. எனக்கு அப்பிடி எழுத வராது."

கிறகோரி சேரின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"உள்ளக் கடல்?"

"நான்தான்."

"வறுமைப் பேய்?"

"அதுவும் நான்தான், சேர்."

அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை. கருத்தரங்குக்கென்று எடுத்து வைத்த நகை பித்தளை என்று தெரிந்தவரின் துக்கம். படிவத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவித் தேடினார்.

"உண்மை சொன்னதுக்குப் புள்ளி போட இதில கட்டம் இல்லை, ரீச்சர்."

"தெரியும் சேர்."

"பாடமாக்க வைச்சதுக்குக் கட்டம் இருக்கு."

"அதுவும் தெரியும்."

அவர் பேனையை எடுத்தார். ரீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கொப்பிகளில் பாதியைக் கஜனியிடமிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏன் ரீச்சர் சொன்னனீங்கள்?" என்று விறாந்தையில் கேட்டாள் கஜனி. "நான் சமாளிச்சிருப்பன்."

"சமாளிப்பாய். நீதானே பஸ்ஸையே சமாளிச்சனீ."

வகுப்புக்குச் செய்தி முந்திப் போயிருக்கவில்லை. இருபத்தேழு முகமும் வாசலைப் பார்த்தன.

"கிடைச்சுதோ ரீச்சர்?" என்றாள் யூலியானா.

"இல்லை."

"அப்ப நீங்கள் கிளிநொச்சிக்குப் போகேல்லையோ?"

"போகேல்ல."

"அடுத்த வருசமும் எங்களுக்கு நீங்கள்தானோ தமிழ்?"

"ஓம், நான்தான். உங்கட விதி."

வகுப்பு மரியாதைக்காகக் கவலைப்பட முயன்றது. முகத்தைத் தொங்கப் போட்டுப் பார்த்தது. முடியவில்லை. ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பை மற்ற மூலை வந்து வாங்கிக்கொண்டது. ரீச்சர் அதட்ட வாயெடுத்து, விட்டுவிட்டார். ஒரு வாரமாவது துக்கம் கொண்டாடுவது என்றுதான் விறாந்தையில் வரும்போது நினைத்திருந்தார். இந்தப் பிள்ளைகள் அதற்கு ஒரு நிமிடமும் தருவதாக இல்லை.

"ரீச்சர்," என்று லக்ஷன் எழும்பினான். "நாளைக்கு மாட்டை வாங்கினவனைக் கதிரையில இருத்துவம். துண்டு இல்லாமல் ஏன் வாங்கினவன்? அவனில எனக்குச் சந்தேகம்."

"சரி. வாங்கினவனா ஆர் வாறது?"

யாரும் எதிர்பாராமல் டினோஜன் கையை உயர்த்தினான். மீன் விற்பவனுக்கும் மாடு வாங்குபவனுக்கும் பெரிய தூரமில்லை என்று நினைத்தானோ என்னவோ.

"நான் வாறன். பதிலை எழுதித் தருவீங்கள்தானே, ரீச்சர்?"

"மாட்டன்."

"ஒரு சொல்?"

"ஒரு எழுத்தும் இல்லை."

அந்த வகுப்பில் அன்றைக்கு உண்மையாகக் கவலைப்பட்ட ஒரே ஆள் டினோஜன்தான்.