நாலு அங்குலத் துளை

அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் பொதுவான சுவர், இருவரும் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து வருஷத்துக்கு இரண்டு விரற்கடை வீதம் தடித்துவந்தது. இருபத்தோரு வருஷத்தில் மூன்றடியைத் தாண்டிவிட்டது. தங்கை பக்கமாகவே வளர்ந்ததால் அவள் அறை சுருங்க, கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டாளே தவிர, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்று சத்தியம் வேறு செய்திருந்தார்கள். பிடிவாதத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. இந்த நிலையில்தான் அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தாள். மாதக் கடைசியில் அவளைத் தன்னோடு வெகுதூரம் அழைத்துப்போக மகன் ஏற்பாடு செய்தான். தங்கை துளை போடுகிறவரைக் கூப்பிட்டனுப்பினாள்.

“ஒரு கை நுழையுற அளவுக்கு ஓட்டை போட்டுக் குடுங்க தம்பி. அவ போறதுக்குள்ள.”

அவருக்குப் ‘பல்லுடைச்சான்’ என்று பட்டப்பெயர். ஹோல்சா என்பது துளை இயந்திரத்தில் மாட்டும், விளிம்பில் பல் வைத்த கிண்ண ரம்பம். மரமோ இரும்போ எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் அழுத்தித் துளைத்து, பல்லெல்லாம் கொட்டவைத்து வாங்கிய பெயர் அது. “உங்க கைல ரம்பம் தேயறதில்ல, பயந்தே சாகுது” என்பாள் அவர் மனைவி. நாலு அங்குலத்தில் அவரிடம் இருந்தவை பல் வைத்தவை மூன்று, ஓட்டுக்கும் கல்லுக்கும் வைரப்பொடி விளிம்பு வைத்தது ஒன்று. புதியது கடைக்கு அடுத்த மாதம்தான் வரும்.

முதல் நாளே ஒன்று போயிற்று. மரமாக இருந்த சுவர் சொல்லாமல் கொள்ளாமல் இரும்பாகிவிட்டது. அவர் நெம்பி எடுத்த வட்டத் துண்டைத் தங்கை கையில் வாங்கிப் பார்த்தாள். “இது அவ மக கல்யாணத்துக்கு நான் போகாத வருஷம்” என்றாள். ஒவ்வொரு வருஷக் கோபமும் ஒவ்வொரு பொருளாக உறைந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதன்பின் அடுத்து வரப்போவதை அவள் முன்கூட்டியே சொன்னாள். மரமென்றால் அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டினார். இரும்பென்றால் எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டினார்.

பத்தாவது வருஷத்துக்கு வந்தபோது, “அப்ப பெருசா ஒண்ணும் இல்ல, மரந்தான்” என்றாள். அழுத்தினார். உள்ளே கருங்கல். இரண்டாவது ஹோல்சாவின் பற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். “அம்மா, பல் வச்சது இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா உங்க அக்கா கிளம்பிடுவாங்க. நடந்ததைச் சொல்லுங்க.”

தங்கை உதிர்ந்த பற்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “அவ புருஷன் தவறின வருஷம். எனக்கு லெட்டர் போட்டா. பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன்.”

வைர விளிம்பை மாட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, அந்தக் கல்லை நாள் முழுக்க அறுத்தார். அவள் அழுதபோது இயந்திரத்தை நிறுத்தினார். அந்த நேரத்தில் ரம்பமும் ஆறிக்கொண்டது. அப்புறம் அவள் எதையும் மறைக்கவில்லை. கடைசி ஹோல்சாவில் ஒரு பல்கூட உதிரவில்லை.

மாதம் முடிய ஒருநாள் இருக்கையில் துளை மறுபக்கம் திறந்தது. தங்கை தோள்வரை கையை நுழைத்தாள். நடுவழியில், புழுதிக்குள், இன்னொரு கை ஏற்கெனவே வந்து காத்திருந்தது.

“எல்லாம் காதுல விழுந்துச்சுடி” என்றாள் அக்கா, சுவரோரக் கட்டிலிலிருந்தே. “அந்த இரும்பு வருஷம் என் தப்பு. நான் உனக்குப் பத்திரிகையே வைக்கல.”

மகன் தனியாகத்தான் ஊர் திரும்பினான். சுவர் வாரத்துக்கு ஒரு விரற்கடை மெலிந்து, வருஷம் திரும்புவதற்குள் இல்லாமலே போயிற்று. துளை மட்டும் போகவில்லை. ஒன்றாகிவிட்ட அறையின் நடுவே, உட்கார்ந்தால் மார்புக்கு நேராக, வெறும் காற்றில் வட்டமாக நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சற்று விலகி நடக்கிறார்கள். சகோதரிகளுக்குள் இன்றும் சண்டை வருகிறது. வந்தால் ஆளுக்கொரு நாற்காலியை அதன் இரு பக்கமும் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.