முதல் பீஸும் கடைசி பீஸும்

ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அதாவது, அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். இப்படிப்பட்டவனுக்குத் தன் வேலையிலும் குற்றம் இருக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் எங்கள் தென்மாவட்ட உறவின்முறைச் சங்கம் ஒரு நல்ல காரியத்தில் இறங்கியது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் வேலைக்கு வந்து, பெண் கிடைக்காமல் முப்பதைத் தாண்டிய எங்களுக்கெல்லாம் பெண் தேடித் தருவது என்று முடிவு. செயலாளர் மாரிசாமி அண்ணாச்சி ஆளுக்கு இரண்டு தாள் கேட்டார். முதல் தாளில் போட்டோவும் விவரமும். இரண்டாம் தாளில் வெறும் ஜாதகக் கட்டம், நட்சத்திரம், ராசி. கட்டத் தாளில் மட்டும் பெயர் போடக் கூடாது. யாருக்கு எந்தக் கிரகம் கோளாறு என்று டீக்கடையில் வைத்துப் பேசிச் சிரிக்கிறார்கள் என்பதால் அண்ணாச்சி போட்ட சட்டம் அது. அதை முதலில் கைதட்டி வரவேற்றவன் நான்தான். எனக்கு ஏழில் செவ்வாய்.

ஏழில் செவ்வாய் இருந்தால் கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ஆகாது என்பார்கள். சாத்தூரிலிருந்து ஓசூர் வரைக்கும் நான் தின்ற பஜ்ஜியெல்லாம் செவ்வாயோடு முடிந்தது. தலையில் முடியும் குறைந்துகொண்டே வந்தது. சங்கத்தை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

எல்லாத் தாளையும் வரிசையாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தார்கள். அது யார் மெயிலிலும் போக மறுத்தது. "இதை ஆளுக்கு ஒண்ணாப் பிரிக்கணுமே, யாருக்குத் தெரியும்?" என்றார் அண்ணாச்சி. "விடுங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்" என்றேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது எக்செல்லில் கட்டம் போடுவது மட்டும். ஆனால் கூட்டத்தில் யாராவது ஒருவன் "நான் இருக்கேன்" என்று சொல்லத்தானே வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆஞ்சப்பனின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இன்டர்நெட்டில் ஒரு தளம் இருந்தது. பெரிய ஃபைலை ஏற்றி, எத்தனை பக்கத்துக்கு ஒரு வெட்டு என்று சொன்னால், அதுவே வெட்டி எண் போட்டுத் தந்துவிடும். ஃபைல் ஏறுவதற்குள் எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. ஆளுக்கு இரண்டு தாள். ஆகவே "இரண்டு" என்று தட்டினேன். பொலபொலவென்று ஃபைல்களாக உதிர்ந்தன. ஆஞ்சப்பன் தன் இடத்திலிருந்தே, "ஆயித்தா சார்?" என்றார். ஆயிற்று என்றேன், ராக்கெட் விட்டவனைப் போல.

சும்மா அனுப்பிவிடவில்லை. நான் குவாலிட்டிக்காரன். முதல் ஃபைலைத் திறந்து பார்த்தேன். சரி. கடைசி ஃபைலைத் திறந்தேன். அதுவும் சரி. எங்கள் கம்பெனியில் முதல் பீஸும் கடைசி பீஸும் தேறினால் மொத்த லாட்டும் பாஸ். பாஸ் போட்டு, பெண் வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன்.

மறுவாரமே அதிசயம் நடந்தது. மத்திகிரியிலிருந்து பூபதி என்பவர் அண்ணாச்சிக்குப் போன் செய்தார். மகள் வினிதா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். தங்கதுரை தம்பியின், அதாவது என், ஜாதகம் பிரமாதமாகப் பொருந்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாம். செவ்வாயைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. இத்தனை வருஷம் கழித்து அது தானாகத் திருந்திவிட்டது என்றே நான் நம்பினேன்.

சனிக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏ தங்கதுரை, கெலமங்கலத்துல ஒரு வீட்டுக்குப் போன ஃபைல்ல ஜாதகமே இல்லையாம். ரெண்டு பையன் போட்டோ இருக்காம். அண்ணன் தம்பியான்னு கேக்காங்க."

"ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆகத்தான் செய்யும் அண்ணாச்சி" என்றேன். நான் அப்போது புதுச்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்திகிரிக்கு மூன்று பேர் போனோம். நான், பெரியவர் முறைக்கு அண்ணாச்சி, என் அறைத் தோழன் முத்துக்குமார். வாசலில் அண்ணாச்சி முத்துக்குமாரை நிறுத்திவிட்டார். "நீ பைக்கைப் பாத்துக்கோடே. உனக்கு இவனைவிட முடி ஜாஸ்தி."

பூபதி நல்ல மனுஷர். அவர் மனைவி பேச்சியம்மாள் பஜ்ஜியை அடுக்கிக்கொண்டே இருந்தார். வினிதா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே ஓடாமல் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "நீங்களும் குவாலிட்டியா? நானும்தான்" என்று சிரித்தாள். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போய்ப் பழகிய எனக்கு, ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்துப் பழக்கமில்லை.

"சுத்த ஜாதகம் தம்பி. எங்க ஜோசியரே அசந்துட்டாரு" என்று பூபதி பிரிண்ட் எடுத்த தாளை என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். என் கட்டம் எனக்கு மனப்பாடம். இது அதில்லை. இதில் செவ்வாய் யாருக்கும் தொல்லை தராத இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. முத்துக்குமாரின் ஜாதகம். நானும் அவனும் ஒன்றாகப் போய் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றாகக் கொடுத்தோம். வரிசையில் எனக்கு முன்னால் அவன்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வரிசையில் இரண்டாவதாக இருந்த பெரியதம்பி, தனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, கல்யாணத்தில்தான் நம்பிக்கை என்று கட்டத் தாளே கொடுக்கவில்லை. அங்கே ஒரு தாள் குறைய, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒரு தாள் நகர்ந்துவிட்டார்கள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த முனிவேல், தன் தென்னையையும் போர்வெல்லையும் பற்றித் தனியாக ஒரு தாள் சேர்த்திருந்தான். அங்கே கணக்கு மறுபடி நேராகிவிட்டது. முதல் பீஸ் சரி, கடைசி பீஸ் சரி. நடுவில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நின்றவனின் ஜாதகம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. லேட்டாகப் போனதற்கெல்லாம் கம்பெனி பஸ் மேல் பழி போட்டவன். செவ்வாயை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் இவளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட, மாத்திரை வாங்க ஓடாமல் கட்டத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது. பயமாக இருந்தது.

சொல்லிவிட்டேன். ஏழில் செவ்வாய் உட்பட எல்லாவற்றையும். பேச்சியம்மாள் பஜ்ஜித் தட்டோடு அப்படியே நின்றார். அண்ணாச்சி என் தொடையைக் கிள்ளினார்.

வினிதாதான் முதலில் பேசினாள். "நடுவுல ஒரு பீஸ்கூட எடுத்துப் பாக்கலையா?"

"இல்லைங்க."

அவள் சிரிக்கவில்லை. பாவம் பார்த்தாள். அதற்குச் சிரித்திருக்கலாம்.

பூபதி என் கையிலிருந்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "தம்பி, உங்க நேர்மையைப் பாராட்டணும்" என்றார். இப்படி ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் முடித்த இடம் எனக்கே புதுசு. "அப்ப இந்த ஜாதகம் யாரோடது?"

"என் கூட்டாளி முத்துக்குமாரோடது. எங்க கம்பெனிதான், மெயின்டெனன்ஸ்ல இருக்கான்."

"கல்யாணம்?"

"ஆகலை."

"இப்ப அவரு எங்க இருக்காரு?"

சொல்லாமல் இருக்க முடியுமா? "உங்க வாசல்லதான் நிக்கான்."

அண்ணாச்சிக்குக் காபி புரையேறியது. வினிதா ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பினாள். பூபதி எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, இந்த வெயில்ல எதுக்குத் தம்பி அவரை வெளிய நிப்பாட்டியிருக்கீங்க? உள்ள கூப்பிடுங்க" என்றார்.

நான்தான் போய்க் கூப்பிட்டேன். முத்துக்குமார் பைக்கில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். "என்னடா, பொண்ணு எப்படி?" என்றான்.

"ரொம்ப நல்ல பொண்ணுடா. உன்னை உள்ள கூப்பிடுறாங்க."

"என்னையா? எதுக்கு?"

அவனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தேன். தோளில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டேன்.

"சட்டையை உள்ள விடுடா" என்றேன்.