இசக்கிராஜ் உரைத்த சான்று

மூன்று நாளாய் ஓயாது பெய்த மழை சற்றே விலகி, கூரைகளின்மேல் விரித்த நீலப் படுதாக்களில் தேங்கிய நீர் துளித்துளியாய் வடிந்துகொண்டிருக்க, தோல் கொட்டில்களின் வாடையும் நெகிழி உருக்கும் உலைகளின் புகையும் பிணைந்து சந்துகளில் தாழ்ந்து கிடந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தாராவி சோர்ந்த உடல்போல் மெல்லப் புரண்டு எழுந்தது. இருவர் எதிரெதிர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அச்சந்துகளின் இருமருங்கும் பெட்டிமேல் பெட்டி அடுக்கினாற்போல் அறைமேல் அறை நின்றது. மேலறைக்குச் செங்குத்தான இரும்பேணி ஒன்றே வழி. சந்தின் முனையில், தையற்கூடத்து மாடியில், நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தோர் அறுபதின்மர் கூடும் சிறு திருச்சபை இருந்தது.

பாடலுக்கும் அருளுரைக்கும் இடையே, இறைவன் தமக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வது அச்சபையின் வழக்கம்; அதனைச் சான்று என்பர். சொல்வோர் மூச்சு வாங்கும் இடந்தோறும் கேட்போர் "தோத்திரம்" என்பர். சான்று உரைப்பதில் இசக்கிராஜுக்கு நிகர் எவருமிலர். குடித்துக் கிடந்ததையும் மனைவி சீனியம்மாளை அடித்ததையும் விரித்துரைத்து, அவளை எழுப்பி நெற்றித் தழும்பைக் காட்டுவான். பின்னர்க் குரல் தாழ்த்தி, "எம் பொண்டாட்டி கை தவறி, ஒம்பது மாசப் பிள்ள ஏணியிலேர்ந்து விழுந்து செத்தான். அந்தப் பிஞ்சப் பொதைச்ச அன்னைக்கித்தான் ஆண்டவர் என்னியப் பிடிச்சாரு" என்பான். அவை உருகும். கோவண்டி, டிராம்பே முதலிய பிற பகுதிச் சபைகளிலிருந்தும் அவனுக்கு அழைப்பு வரும்.

கற்றறிந்தீர், கேளீர்: அவள் கை தவறவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏந்தி இறங்கியவளின் ஏணியைக் கீழே நின்று குடிவெறியில் எட்டி உதைத்தவன் அவனே. காவலர் கேட்டபோது, அவனுக்கு அஞ்சி, தன் கையே தவறிற்றென்றாள். அச்சொல் பதினோராண்டாய் அவள்மேல் ஒட்டிக் கிடந்தது. குழாயடியில் எந்தத் தாயும் தன் குழந்தையை அவள் கையில் கொடுப்பதில்லை.

அன்று காலை, தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டிருந்த கணவனிடம் அவள் கேட்டாள்.

"இன்னைக்காவது உள்ளதச் சொல்லுதியளா?"

"எல்லாத்தையுந்தான சொல்லுதேன். ஒன்ன அடிச்சதச் சொல்லலியா?"

"ஏணிய மிதிச்சதச் சொல்லல."

"ஆண்டவருக்குத் தெரியும்ளா. அவரு மன்னிச்சிட்டாரு."

"பெத்தவ நான். எங்கிட்ட யாரு கேட்டா?"

அவன் தலை வாரி முடித்தான். "முக்காட்டக் கொஞ்சம் ஏத்திப் போடு. தழும்பு தெரியட்டும்."

சபையில் அவன் சொல்லிவந்தான். அவள் வழக்கம்போல் எழுந்து நின்றாள். கை தவறி என்னும் இடம் வந்தது.

"தவறல," என்றாள் சீனியம்மாள். "என் கை தவறல. இவரு ஏணிய மிதிச்சாரு. எம்பிள்ள பேரு சுடலைக்கண்ணன்."

அவள் மூச்சு வாங்கினாள். பழக்கத்தால் நாலைந்து குரல்கள் "தோத்திரம்" என்றன.

சபை ஆயர் செல்லத்துரை முன்வந்தார். "இசக்கிராஜ், தங்கச்சி சொல்லுதது மெய்யா?"

சுடலைக்கண்ணன் என்பது, திருமுழுக்குக்கு முன்னர்க் குலதெய்வமாம் சுடலையின் நினைவாக இசக்கிராஜ் தானே பிள்ளைக்கு இட்ட பெயர். அவன் ஒலிவாங்கியை வாயருகே கொணர்ந்தான்.

"சுடலை பேரச் சொல்லுதா, பாஸ்டர். பழைய ஆவி. அவளுக்காக ஜெபிங்க."

பெண்கள் சூழ்ந்து, அவள் தலைமேலும் தோள்மேலும் கைகளை அழுத்தி, வெளியே போ என்று பேயை அதட்டினர். அது பிள்ளையின் பெயர் என்றாள். மீண்டும் அப்பெயரைச் சொன்னாள். சொல்லுந்தோறும் அவர்கள் குரல் ஓங்கிற்று. இறுதியில் அவள் வாய் ஓய்ந்தது. பேய் நீங்கிற்றென்று பாடத் தொடங்கினர்.

அடுத்த ஞாயிறன்று டிராம்பேயில் இசக்கிராஜின் சான்று முன்னினும் நீண்டிருந்தது. மனைவியைப் பிடித்திருந்த பேய் அகன்ற வரலாறு அதில் சேர்ந்திருந்தது. அங்கிருந்தோருள் நடந்ததை அறிந்தவர் இருவரே. ஒருவன் பேசினான்; ஒருத்தி அவனருகே வாய்மூடி நின்றாள்; அந்த அமைதியையே அவன் சொல்லுக்கு அத்தாட்சியாகக் கொண்டு அவை உருகிற்று.