இறுக்கிக் கொடுத்த பிரேக்

லாரி ஷெட்டில் அவரைச் சட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் படித்தவர் இல்லை, சட்டம் பேசுகிறவர். பத்துச் சக்கர லாரியில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. காலையில் பிரேக்குக்கான காற்று டாங்கிகளில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடாதவன் பல் துலக்காதவனுக்குச் சமம் என்பார். டயரைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது, கம்பியால் தட்டிக் காதால் கேட்க வேண்டும் என்பார். மலை இறங்கும்போது எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள் என்பார். கேட்கிறவன் கொட்டாவி விட்டால் அந்தக் கொட்டாவியைப் பற்றியும் ஒரு சட்டம் வைத்திருந்தார்: வண்டி ஓட்டும்போது இரண்டாவது கொட்டாவி வந்தால் ஓரங்கட்டு.

சும்மா சொல்லக் கூடாது, பேச்சுக்கேற்ற ஆள்தான். தலை நரைக்கும்வரை ஓட்டியும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதித்ததில்லை. ஆனால் போன வருஷம் கண் பரிசோதனையில் இடது கண் கைவிட்டுவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய லாரியை அவர் மனைவியின் தம்பி ஓட்டுகிறார். சட்டக்காரர் தினமும் விடிந்ததும் ஷெட்டுக்கு வந்து, ஓட்டாத வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என் நாடிய ஒரு நாள் புடிச்சுப் பாத்திருப்பீங்களா? அந்த டயரத் தட்டுற மாதிரி என்னையும் தட்டிப் பாருங்க, எங்க காத்து இறங்கியிருக்குன்னு தெரியும்" என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வீட்டில் அவர் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட ஷெட்டுக்குப் போவதே மேல் என்று அவளுக்குத் தெரியும்.

மச்சான் தங்கமான மனிதர். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை, அக்காவே உலகம். அவருக்கு ஷெட்டில் வைத்த பெயர் 'சரி அத்தான்'. சட்டக்காரர் எதைச் சொன்னாலும் அதுதான் பதில். சாவி போட்டால் போன் அணைய வேண்டும். சரி அத்தான். மலை உச்சியில் வண்டியை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சரி அத்தான். பிரேக் போனால் பள்ளத்துப் பக்கம் ஒடிக்காதே, மலையோடு உரசு. சரி அத்தான். மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவர் அந்தச் சரியை வாயால் மட்டும் சொன்னவர் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

அன்று காலை பாளம் பாளமாக அறுத்த கல் ஏற்றியிருந்தது. மலையைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்க வேண்டும். மச்சான் புறப்படாமல் தயங்கி நின்றார்.

"அத்தான், நேத்து பிரேக் புடிக்கும்போது வண்டி லேசா வலது பக்கம் இழுத்துச்சு. மெக்கானிக் வந்ததும் காட்டிட்டுக் கெளம்பறேனே."

"எதுக்கு மெக்கானிக்?" சட்டக்காரர் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். "நான் செத்தா போயிட்டேன்? பின்னாடி இடது சக்கரத்துல ஸ்லாக் தளர்ந்திருக்கும். இதுக்குப் போய் ஒருத்தன் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பியா? அந்த ஸ்பேனர எடு."

ஸ்லாக் என்பது சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இரும்புக் கை. பிரேக்கை அழுத்தினால் காற்று அந்தக் கையைத் தள்ளும், அது உள்ளே இருக்கும் பிரேக் கட்டைகளை விரிக்கும். கட்டை தேயத் தேய அந்தக் கை தளரும். பழைய வண்டிகளில் டிரைவரே அடியில் படுத்து அதை இறுக்குவது வழக்கம். இறுக்கத் தெரியாதவனுக்கு ஸ்டியரிங்கைத் தொடத் தகுதி இல்லை என்பதும் சட்டக்காரரின் சட்டங்களில் ஒன்று.

எண்ணெய்க் கறை படிந்த சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் ஊர்ந்தார். கணக்குத் தப்பவில்லை. பின்னால் இடது பக்கம் இருந்த இரண்டு இரும்புக் கைகளும் தொளதொளவென்று இருந்தன. ஸ்பேனரை மாட்டித் திருகியபோது உள்ளே கறகறவென்று ஏதோ அரைபட்டது. துரு என்று நினைத்துக்கொண்டார். இன்னும் ஒரு தம் பிடித்து இறுக்கினார். வெளியே வரும்போது இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் கையால் அந்த வண்டிக்கு ஒரு காரியம் ஆகியிருக்கிறது.

"இப்ப மிதிச்சுப் பாரு."

மச்சான் ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தி மிதித்துப் பார்த்தார். வண்டி நேராக நின்றது.

"கல்லு மாதிரி நிக்குது அத்தான்."

"பின்ன? போயிட்டு வா. உச்சியில நிறுத்தி..."

"சக்கரத்தத் தொட்டுப் பாத்துட்டு இறங்கறேன். சரி அத்தான்." போனை அவர் கண்ணெதிரே அணைத்து மேல்தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மெக்கானிக் கடை திறந்தபோது வெயில் ஏறிவிட்டது. சட்டக்காரர் அங்கே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பிரதாபத்தை ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். இந்தக் காலத்து டிரைவர்கள் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், விளக்கு சொல்லும்வரை காத்திருப்பவன் டிரைவர் இல்லை, பயணி என்றார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். துடைத்த துணி பாதியில் நின்றது.

"அண்ணே, அந்த வண்டியில ஸ்லாக்க நீங்களா இறுக்கினீங்க?"

"ஆமா. ஏன், ஒன் வரும்படி போச்சா?"

"அது தானா இறுக்கிக்கிற ஸ்லாக் அண்ணே. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அதுவே சரி பண்ணிக்கும். அது தளந்திருக்குன்னா கட்டை தேஞ்சதுன்னு அர்த்தமில்ல. உள்ள இருக்கற பல்லு செத்துப்போச்சுன்னு அர்த்தம். மாத்தணும். கையால இறுக்கினா அப்போதைக்கு நல்லா நிக்கும். இறக்கத்துல நாலு அழுத்து அழுத்தினா பழையபடி நழுவிடும். அப்புறம் மொத்தப் பாரமும் மத்த சக்கரத்து மேல விழும். அது சூடேறி..."

"எனக்கே பாடமா? எத்தனை வண்டிக்கு இறுக்கியிருக்கேன் தெரியுமா?"

"பழைய வண்டிக்கு இறுக்கியிருப்பீங்க. இந்த வண்டியில இதுவரைக்கும் இறுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. திருகும்போது உள்ள கறகறன்னு சத்தம் கேட்டுச்சா?"

சட்டக்காரர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அந்தச் சத்தம் இப்போது அங்கேயே கேட்டது. போனை எடுத்து மச்சானின் எண்ணை அழுத்தினார். தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. மறுபடி அழுத்தினார். அதே குரல், அதே பதில்.

அணைத்துத்தான் வைத்திருப்பார். அணைக்காமல் என்ன செய்வார்? சட்டம் போட்டவர் யார்?

மெக்கானிக்கின் சின்ன வேனில் கிளம்பினார்கள். வழியில் வீடு. சொல்லாமல் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தார், மனம் கேட்கவில்லை. வாசலில் நின்று அவர் விஷயத்தைச் சொன்ன மாத்திரத்தில் மனைவி செருப்பைக்கூட மாட்டாமல் வந்து வேனில் ஏறினாள். நடுவில் உட்கார்ந்து தன் போனிலிருந்து தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவனா காட்டிட்டுப் போறேன்னு சொன்னான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஆமா" என்றார். அதற்குப் பிறகு அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

அவர் வாழ்நாளில் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. மச்சான், இந்த ஒரு தடவை என் பேச்சை மீறியிரு. போனைப் போட்டு யாரோடாவது வெட்டிக் கதை பேசு. வழியில் எங்காவது வண்டியை ஓரங்கட்டித் தூங்கு. எப்போதும் என் பேச்சைத் தட்டாதே என்று சொன்ன வாய்தான், இன்றைக்கு மட்டும் தட்டிவிடு என்று மன்றாடியது. மெக்கானிக் வேனை விரட்டினார். வேகம் கூடாது என்று சொல்ல சட்டக்காரருக்கு அன்று தோன்றவில்லை.

மலை உச்சியில் லாரிகள் நின்று போகும் ஒரு டீக்கடை. கடைக்காரம்மாவுக்கு இவர்களை எல்லாம் பல வருஷப் பழக்கம்.

"இப்பத்தான் போறாரு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். டீ குடிச்சாரு, வழக்கம்போல எல்லாச் சக்கரத்தையும் தடவிப் பாத்தாரு. 'இன்னைக்கு அத்தானே கைப்பட இறுக்கிக் குடுத்திருக்காரு, நிம்மதியாப் போவேன்'னு சொன்னாரு. ஏன், என்ன ஆச்சு?"

வேன் இறங்கத் தொடங்கியது.

நாலைந்து வளைவு தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கருகிய வாடை வந்தது. பிரேக் கட்டை தீய்ந்தால் வரும் வாடை. சட்டக்காரருக்கு அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேன் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து இறங்கி ஓடினார். அவரைத் தள்ளிக்கொண்டு அவருக்கு முன்னால் மனைவி வெறுங்காலோடு ஓடினாள்.

டயர் பஞ்சரான பஸ் ஒன்று வளைவில் நின்றிருந்தது. பஸ்ஸுக்கு வெளியே பயணிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அதற்கு ஒரு வண்டி நீளம் மேலே, லாரி மலையோடு மலையாக உரசி முட்டிக்கொண்டு நின்றது. பள்ளத்துப் பக்கம் ஒடிக்கவில்லை. கூட்டத்துப் பக்கமும் ஒடிக்கவில்லை. ஆனால் வண்டி நின்ற வேகத்தில் பின்னாலிருந்த கற்பாளங்கள் முன்னால் சரிந்து, கேபினை நெளித்துத் தள்ளியிருந்தன. பஸ் ஆட்கள் கடப்பாரையால் கதவை நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

மச்சானுக்கு நினைவு இருந்தது. முகம் வெளுத்திருந்தது. வலது கால் எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி தகரம் மடங்கியிருந்தது. அக்கா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான்" என்றார் மச்சான். உதடு காய்ந்திருந்தது. "நீங்க சொன்ன கியர்லதான் இறங்கினேன். சத்தியமா. உச்சியில சக்கரத்தையும் பாத்தேன். பஸ் நிக்குதுன்னு மிதிச்சேன், புடிக்கல. மலையோட உரசிட்டேன். எங்க தப்பு பண்ணினேன் அத்தான்?"

எதற்கும் பதில் வைத்திருந்த மனிதர் அங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பு யாருடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசாத மச்சான். மூச்ச விடு. பேசாத" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மனைவி கையெழுத்துப் போட்டாள். வராந்தாவில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் தம்பிக்குக் கழற்றிய சட்டை இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. சுவரோரமாக நின்றே பொழுதைக் கழித்தார். மெக்கானிக் வந்து, "இது பல பேர் பண்ற தப்புதான் அண்ணே, மனசப் போட்டு வருத்திக்காதீங்க" என்றார். அந்த ஆறுதல் நெருப்பாகச் சுட்டது. பல பேரை எதற்கு இழுக்க வேண்டும்? மிதிக்கிற காலை எடுத்தது தன் கைதான் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் மச்சான் கண் விழித்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். அக்கா அவர் உதட்டில் ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். சட்டக்காரர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

"நேத்து நீ என்னைக் கேட்ட இல்ல, எங்க தப்புன்னு." நிறுத்தாமல் சொல்லி முடித்தார். "நீ ஒண்ணும் தப்பு பண்ணல. அது கையால இறுக்கக் கூடாத ஸ்லாக். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ மெக்கானிக்கிட்ட காட்டறேன்னு சொன்ன. காட்ட விட்டிருந்தா ஒனக்கு இது வந்திருக்காது. தப்பு என்னோடது மச்சான்."

மச்சான் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சட்டக்காரர் காத்திருந்தார். எத்தனையோ வருஷமாக, அவர் ஒன்றைச் சொல்லி முடித்தால் எதிரிலிருந்து வரும் பதில் ஒன்றுதான். அதுவே இப்போதும் வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பாழும் மனசு எதிர்பார்த்தது. வந்தால் அழுதுவிடலாம் என்று இருந்தது.

மச்சான் அக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அக்கா, இவரக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லு."

அவள் ஈரத் துணியை மடித்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"சரி மச்சான்" என்றார் சட்டக்காரர். வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.