தார் ரோடு ஏறும் வரை

மாமாவுக்கு நான் தர வேண்டியது இன்னும் இரண்டாயிரத்து நாற்பது. மனைவியின் ஆபரேஷனுக்கு அவர் கொடுத்த எண்பதாயிரத்தில், ஆறு வருடம் கூலியில் பிடித்தது போக மிஞ்சியது அவ்வளவுதான். மாமா என்றால் அக்காவின் கணவர். பைக் பட்டறை வைத்திருக்கிறார். நான் அங்கே மெக்கானிக். கடன் தீரும்வரை வேறு இடத்து வாசலை மிதிக்கக் கூடாது என்பது பேச்சு.

இந்தச் சனி, ஞாயிறு பாலைவனப் பயணத்துக்கு எனக்குக் கூலி இரண்டாயிரத்து நூறு. திரும்பி வந்தால் கணக்கு முடிந்தது. திங்கள் காலை எட்டு மணிக்கு பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர வேண்டும். மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. அன்றைக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். மனைவியைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

பைக் ஓட்ட வந்தவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் பட்டறையின் வாடிக்கைக்காரர்கள். தண்ணீர், கூடாரம், பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பின்னால் நான் லாரியில், பக்கத்து சீட்டில் மாமா. தார் ரோடு முடிந்த இடத்தில் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குத்தவைத்துக் காற்றைப் பாதி இறக்கினேன்.

"என்னப்பா, நல்ல டயரைப் பஞ்சர் பண்றே?" என்றார் பேங்க் மேனேஜர்.

"காத்து கம்மியா இருந்தாத்தான் சார் மணல்ல புதையாது."

"அப்ப நம்ம மேனேஜருக்கும் கொஞ்சம் இறக்கிவிடு," என்றார் பல் டாக்டர்.

அதற்கப்புறம் தொண்ணூறு கிலோமீட்டர் மணல். சுவரே இல்லாத இடத்தில் மூச்சு முட்டும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. இறங்கும்போதெல்லாம் லாரிச் சாவியை மாமா வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார்.

சனி மத்தியானம் மேனேஜரின் பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்தது. நிழல் கிடையாது. மாமாவே வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்து எனக்கு வெயிலை மறைத்தார்.

"கை சுடுதாடா? இந்தா, என் கையுறையைப் போட்டுக்கோ."

ஆறு வருடத்தில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. மனசு இளகியது, நாக்கு வழுக்கியது.

"மாமா, திங்கக்கிழமை டிப்போல வேலைக்குச் சேர்றேன்."

தார் ரோடு ஏறும் வரையாவது வாயைக் கட்டியிருக்கலாம்.

"உங்க அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ம்." ஸ்பேனரை எடுத்து நீட்டினார். "இறுக்கிப் பிடி."

ஞாயிறு காலை எல்லோரும் கூடாரத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். மாமா கரண்டியால் கேனைத் தட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. இவன் என் மச்சினன். ஆறு வருஷமா என் கடனை அடைக்கிறான். இன்னியோட அதை நான் விட்டுட்டேன். ஒத்தக் காசு வேணாம். இந்த டூர் கூலியும் முழுசா அவன் கைக்கே."

கை தட்டினார்கள்.

"வேணாம் மாமா," என்றேன். "இந்தக் கூலியில கழிச்சுக்கோங்க. சரியாப் போயிடும்."

"கேட்டீங்களா? மாமன் மச்சானுக்குள்ள கணக்கு பேசுறான்!"

சிரித்தார்கள். பல் டாக்டர் என் தோளில் கை போட்டார். "யாருக்குய்யா இப்படி ஒரு மாமா கிடைப்பாரு? இவரை விட்டுட்டுப் போயிடாதே."

"அவன் எங்க போவான்? நாளைக்கு எட்டு வண்டியும் சர்வீஸுக்கு வருது. மணல் புகுந்த இன்ஜினை இவனைத் தவிர வேற யாரு தொடுறது? என்ன மாப்ள?"

ஒன்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். பணமென்றால் மாதா மாதம் கழிக்கலாம். இதை எதில் கழிப்பது? கோபித்துக்கொண்டு நடக்கலாமென்றால் தொண்ணூறு கிலோமீட்டர். நடந்தே போய்ச் சேர்ந்தாலும் வாசலில் அக்கா நிற்பாள். உனக்கு அவர் என்னடா குறை வைத்தார் என்று கேட்பாள்.

"சொல்லு மாப்ள."

"சரி மாமா."

பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். "நீயே அடிச்சிடு. இந்த வயசுல ராத்திரி ஸ்கூலுக்குப் போய் எழுதக் கத்துக்கிட்டான் சார்."

மேனேஜர் படமெடுக்க போனைத் தூக்கினார். நோட்டை லாரி பானெட்டில் வைத்தேன். காலையிலேயே தகரம் சுட்டது. தொகையை அடித்துவிட்டு, கீழே ஒவ்வொரு எழுத்தாகத் 'தீர்ந்தது' என்று எழுதினேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "ர-வுக்குப் புள்ளி விட்டுட்டே."

வைத்தேன்.