கல்லறையில் வாசிப்பது யார்

…இல்லை, வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தால் போதாது, உள்ளே வாருங்கள், வாசிப்பவர்களே, வந்து சாட்சியாக நில்லுங்கள். இந்த மாடியறையில் என் தோழி இறந்து கிடக்கிறாள், காலையில் அவளைக் குளிப்பாட்டியவை என் கைகள், தலை வாரியவை என் கைகள், விரல் நுனியில் ஊறிப்போன தட்டச்சு நாடாவின் மையைத் தேய்த்துப் பார்த்து, போகாததால் அப்படியே விட்டவையும் இந்தக் கைகள்தாம். ஆனால் நான்கு மணிக்குக் குழியருகில் அவளுக்காக வாய் திறக்க மட்டும் எனக்கு உரிமை இல்லையாம். பெண் கழுவலாம், பெண் அழலாம், பெண் ஜெபத்தை எழுதியும் கொடுக்கலாம், வாசிப்பது மட்டும் ஆணின் தொண்டையாக இருக்கவேண்டும், அது சபையின் விதி. சென்ற வாரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாளே, “நீதான் சொல்லணும், வேற யாரும் வேண்டாம். உங்க அண்ணன் வந்து இருமினா நான் எழுந்து உக்காந்துடுவேன், பாத்துக்கோ.” இருவரும் சிரித்தோம், நான் சரி என்றேன்… எந்தத் தைரியத்தில் சரி என்றேன்?

அவளுடைய மேசையில்தான் எழுதுகிறேன், தட்டச்சுப் பொறியை ஓரமாகத் தள்ளிவிட்டு. என் மூன்று புத்தகங்களும் இதன் வழியாகத்தான் வெளியே போயின, மாலை வெயில் இந்தச் சன்னலில் சாயும்வரை அவள் அடிப்பாள், நான் சொல்லிக்கொண்டே நடப்பேன், எத்தனை நல்ல மாலைகள் அவை. கடவுளை அரியணையில் உட்காரவைத்தவர்கள் அரியணை வேண்டியவர்களே, பிரசவ அறையில் தேடியிருந்தால் அங்கும் கண்டிருப்பார்கள் என்று நான் சொன்னபோது, அவள் விரல்கள் நின்றன. “யோசிச்சு சொன்னியா, கோவத்துல சொன்னியா?” ரெண்டும்தான் என்றேன். “அப்ப ரெண்டு காப்பி அடிக்கிறேன். ஒண்ணை எரிச்சாலும் ஒண்ணு இருக்கும்.” எரிக்கவில்லை, அதைவிட நாகரிகமாகச் செய்தார்கள், இறையியல் கல்லூரியில் நூலகராக இருந்த என்னையே அழைத்து, என் புத்தகத்தை என் கையாலேயே அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன், அட்டையில் ‘நீக்கப்பட்டது’ என்று அழகாக எழுதியும் வைத்தேன். அவள் மறுநாளே வந்து இன்னொரு பிரதியைத் தையல் புத்தகங்களின் வரிசையில் செருகிவிட்டுப் போனாள். அங்கே எந்தப் போதகரும் கைவைக்கமாட்டார் என்றாள், பதினெட்டு ஆண்டுகள் யாரும் கைவைக்கவில்லை.

படிகளில் இருமல் கேட்கிறது, பிறகு கதவு, அண்ணன், சபையின் மூத்த போதகர், கறுப்பு அங்கி, கையில் மூச்சுமருந்துக் குழல். “எழுதிட்டியாம்மா? ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், மாடி ஏறினதுக்கே இழுக்குது.” அவ என்னைத்தான் சொல்லச் சொன்னா என்கிறேன். “தெரியும், எங்கிட்டயும் சொன்னா. நீ எழுதி நான் வாசிச்சா நீ சொன்ன மாதிரிதானே? இத்தனை வருஷமா அப்படித்தானே நடந்துச்சு.” அவளுக்கு வித்தியாசம் தெரியும்ணா. “விதியை நான் எழுதலையே.” அதுல கையெழுத்துப் போட்டது யாருண்ணா? தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கிப்போனார். அவர் கெட்டவர் என்றால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்… கல்லூரி என்னைச் சேர்க்காத ஆண்டில் தன் பாடங்களையெல்லாம் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியவர் அவர், நான் அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பேன், ஒருநாள் பாவம் என்றால் என்ன என்ற பாடத்தில் லயித்து ஒரு காலரைக் கருக்கிவிட்டேன், “பரவால்ல, அதுதான் செய்முறைத் தேர்வு” என்றார். இறையியலை நான் துணி வேகும் வாசனையோடுதான் கற்றேன், அந்த மதியங்கள் திரும்புமென்றால் இன்றும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்குவேன்.

தாளைப் பார்க்கிறேன், ஏழு வரிகள், ஆனால் இவை என்ன, நான்கைந்து சொல்லுக்கு ஒன்றாகச் சாய்கோடுகள்… அண்ணன் மூச்சு வாங்கவேண்டிய இடங்கள். அவருக்கு முதல் பிரசங்கம் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நான் போட்டுவரும் கோடுகள். நானே வாசிப்பேன் என்றல்லவா உட்கார்ந்தேன், பிறகு ஏன் கை அவருக்காகக் கோடு போட்டது? என் புத்தகங்களின் வாக்கியங்கள் குறுகியவை, துணிச்சலானவை என்று முகமறியாப் பெண்கள் கடிதம் எழுதினார்களே, அந்தக் குறுக்கம் என் துணிச்சலா, அவருடைய ஆஸ்துமாவா? ஆணின் அரியணையைக் கவிழ்க்க நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஓர் ஆணின் நுரையீரலை வைத்தா அளந்தேன்? புதிய தாளில் கோடில்லாமல் தொடங்குகிறேன், வாக்கியம் ஓடுகிறது, அவளுடைய விரல்கள், அவளுடைய சிரிப்பு, அவளைப் படைத்தவளும் இப்படித்தான் சிரித்திருக்கவேண்டும் என்று நீள்கிறது, உதட்டை அசைத்துப் பார்க்கிறேன், எங்கே நிறுத்துவது? அறுபத்திரண்டு வயதில், என் மூச்சு எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை… கீழே வண்டி வந்துவிட்டது, தூக்குவதற்கு ஆட்கள் ஏறி வருகிறார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்; பெண்களே, இன்னொருவர் வாசிக்கட்டும் என்று நீங்கள் மடித்துக் கொடுத்த தாள் எவருடைய சட்டைப்பையில் இருக்கிறதோ, அவரிடம் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள்; மற்றவர்களே, குழியைச் சுற்றி நெருங்கி நில்லுங்கள், நடுவில் நான் திணறி நின்றால் தாளை வாங்கக் கை நீட்டாதீர்கள், காத்திருங்கள்.